அப்பாவின் தட்டில் வருகை, புறப்பாடு

2025 மார்ச் 5, திருநீற்றுப் புதன். திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அற்புதசாமி அன்று காலை முட்டை சாப்பிடவில்லை.

அவர் சரக்கு ரயில் ஓட்டுபவர். பல வருடங்களாகக் காலையில் இட்லியோடு இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டு வந்தவர். அன்று தவக்காலம் தொடங்கியது. ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று நேர்ந்துகொண்டார்.

"நீ என்ன விடப்போற?" என்று மகள் லின்சியிடம் கேட்டார். அவள் ஆறாம் வகுப்பு.

"பாகற்காய்."

"அதை நீ எப்ப சாப்பிட்ட, விடுறதுக்கு?" என்றார் அம்மா அக்னஸ்.

கடைசியில் லின்சி சாக்லேட்டை விட்டாள்.

அப்பாவின் நேர்ச்சைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். ஜனவரியில் ரயில்வே ஆஸ்பத்திரியில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்த்தார்கள். 7.9 இருந்தது. ஜூன் மாதம் மறுபடி பார்ப்போம், ஏழுக்குக் கீழே வரவில்லை என்றால் எஞ்சினில் ஏற முடியாது, ஷெட்டில் மேசை வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"எல்லாம் இந்த முட்டையாலதான் சார்," என்றார் பாஸ்கரன் அங்கிள். அப்பாவோடு அதே எஞ்சினில் உதவி ஓட்டுநராகப் போகிறவர். "வாட்ஸ்அப்புல ஒரு டாக்டரே சொல்றாரு. முட்டையை நிறுத்துங்க, சுகர் தானா இறங்கும்."

"தவக்காலமும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு," என்றார் அப்பா.

மார்ச் 22, சனிக்கிழமை காலை. வெறும் வயிற்றில் அப்பா விரலைக் குத்தி வீட்டு மெஷினில் பார்த்தார். திருநீற்றுப் புதனன்று 138 காட்டிய மெஷின் இப்போது 171 காட்டியது.

"மெஷின் ரிப்பேர்," என்றார் அப்பா. இன்னொரு விரலைக் குத்தினார். 173.

"மாத்திரையும் ஒழுங்காப் போடுறேன். முட்டையைக் கண்ணாலகூடப் பாக்கலையே," என்றார். பிறகு அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "வண்டியை விட்டு இறக்கிருவாங்க போல."

லின்சிக்கு அது கேட்டுவிட்டது.

அவள் யோசித்துப் பார்த்தாள். தினமும் இரண்டு முட்டை குறைந்திருக்கிறது. அப்படியானால் அப்பாவுக்குப் பசிக்க வேண்டும். பசிப்பதாகத் தெரியவில்லை. பெல்ட்டைக்கூட ஒரு துளை தளர்த்தித்தான் மாட்டுகிறார். முட்டை இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவிடம் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார். அதனால் ஒரு வாரம் சும்மா கவனித்தாள். அப்பாவை அழைத்துப்போக வந்த பாஸ்கரன் அங்கிளிடம் மட்டும் கேட்டாள்.

"அங்கிள், டியூட்டியில அப்பா என்ன சாப்பிடுவாரு?"

"சுத்த சைவம் பாப்பா. ரெண்டு டீ, ஒரு பன்னு, சாயங்காலம் நாலு வாழைக்காய் பஜ்ஜி. உங்கப்பா ரொம்பக் கண்டிப்பு. மாவுல முட்டை கலந்திருக்கான்னு கேட்டுட்டுத்தான் பஜ்ஜியைத் தொடுவாரு."

அன்று மாலை லின்சி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.

புறப்பாடு: காலை 6.30, அவித்த முட்டை 2.

வருகை: காலை 6.30, கூடுதல் இட்லி 3. காலை 9.45, சர்க்கரை டீ, பன். மாலை 4.15, சர்க்கரை டீ, பஜ்ஜி 4.

குறிப்பு: இவை தினமும் ஓடும். ஞாயிறு சிறப்பு வண்டி, கேசரி.

அப்பா டியூட்டி முடிந்து வந்ததும் தாளைக் கொடுத்தாள். முதல் வரியில் அவர் சிரித்தார். கடைசி வரியில் சிரிப்பு நின்றிருந்தது.

"முட்டை கிளம்பின பிளாட்பாரத்துல இத்தனை வண்டி நிக்குதா?"

"ஆமாப்பா. முட்டையில மாவுச்சத்து இல்லவே இல்லைங்கிற மாதிரிதான். எங்க சயின்ஸ் புக்குல புரதம்னு போட்டிருக்கு. வந்து நிக்கிறது எல்லாமே மாவும் சர்க்கரையும்."

"நேர்ச்சையை விட முடியாதே கண்ணு."

"யாரு விடச் சொன்னா? முட்டைக்குப் பதிலா வேற வண்டி விடலாம்." அவள் இரண்டாவது தாளை நீட்டினாள்.

காலை 6.30, இட்லி 2, கிண்ணம் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல். 9.45, சர்க்கரை இல்லாத டீ. மாலை 4.15, அதே டீ, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு 7.30, மைதானத்தைச் சுற்றி நடை, உடன் வருபவர் லின்சி. பஜ்ஜி, ரத்து.

"ஞாயித்துக்கிழமை பஜ்ஜி மட்டும் ஓட்டலாமா?" அப்பாவின் குரல் பாவமாக இருந்தது.

"ஒண்ணு. அதுவும் நிக்காம போயிடணும்."

அம்மா சமையலறையிலிருந்து சிரித்தார். சுண்டலுக்குக் கடலை ஊறப்போடும் சத்தமும் கேட்டது.

அப்பா இரண்டு தாள்களையும் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் பூரணியிடம் காட்டினார். அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"நல்லா இருக்கு. இதுலயே போங்க," என்றார். "ஈஸ்டருக்கு அப்புறம் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டை போதும். அவிச்சு சாப்பிடுங்க. பரோட்டாவோட சேக்காதீங்க." பிறகு ஒரு பேனாவை எடுத்து, 7.30 நடைக்குக் கீழே கோடு போட்டார். "இந்த வண்டி லேட்டாகவே கூடாது."

ஏப்ரல் 20, ஈஸ்டர். பூசை முடிந்து வந்து அப்பா இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டார். முட்டையின் ஒவ்வொரு துண்டுக்கும் மிளகுத்தூள் தூவி, அவசரப்படாமல் சாப்பிட்டார். லின்சி சாக்லேட்டை இரண்டே கடியில் முடித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து மெஷின் 152 காட்டியது. சாப்பிட்ட பிறகு 180-க்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாழ்த்துச் சொல்ல வந்த பாஸ்கரன் அங்கிள் எட்டிப் பார்த்தார். "முட்டை சாப்பிட்டுமா சார்?"

"சாப்பிட்டுதான்."

"அப்ப வாட்ஸ்அப் டாக்டரு சொன்னது?"

"அவரு என் தட்டைப் பாக்கலையே பாஸ்கரன். இவ பாத்தா."

ஜூன் 23, திங்கட்கிழமை. பள்ளி விட்டு வந்த லின்சி வாசலிலேயே நின்றாள். பரிசோதனை முடிவு வாங்கப்போன அப்பா இன்னும் திரும்பவில்லை. ஐந்து மணிக்குத் தெரு முனையில் பைக் ஹாரன் கேட்டது. நீளமாக, நிறுத்தாமல், எஞ்சினில் அடிப்பது போலவே. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

"என்னங்க, தெருவே எந்திரிச்சிருச்சு," என்றார் அம்மா.

"எந்திரிக்கட்டும்," என்று அப்பா காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். "6.6. ஃபிட்."

லின்சி அதை வாங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். ஆறு புள்ளி ஆறுதான்.

அந்த வாரமே காலண்டர் தாளின் நகல் ஒன்று ஓட்டுநர்கள் ஓய்வறையில் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் பாஸ்கரன் அங்கிள்.

ஜூன் 25 காலை பொன்மலையிலிருந்து ஒரு சரக்கு ரயில் புறப்பட்டது. ஓட்டியவர் அற்புதசாமி. அவருடைய டிபன் பெட்டியில் ஒரு முட்டை இருந்தது.