பாறை நகர்ந்த தடம்

நேற்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மேடு இன்று காலை இக்கரைக்கு வந்திருந்தது. திரையில் அதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சலிப்புதான் வந்தது.

தாழப் பறக்கும் சின்ன விமானம் ஒன்று நிலத்தடிப் பாறைகளின் காந்த அளவை எடுத்துவரும். ஓட்டுவது அவள் கணவன். ஓடுதளத்தோரத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அந்த அளவுகளை வரைபடமாக்குவது அவள். காந்தம் கூடிய இடம் திரையில் ஓடும் கோட்டில் மேடாக எழும்பும். குறுக்கும் நெடுக்கும் பறக்கும்போது ஒரே இடத்தில் இரண்டு அளவுகள் முரண்பட்டால், கருவிக் கோளாறென்று சமப்படுத்திவிடுவது தொழில் வழக்கம். வந்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். பாறைக்குக் கால் முளைக்குமா என்ன?

இன்று என்னவோ மனசு கேட்கவில்லை. வெயிலில் தகரம் முனகிக்கொண்டிருக்க, இயந்திர எண்ணெய் வாடை மூக்கில் ஏற, சமப்படுத்தாத பழைய அளவுகளையெல்லாம் பறந்த வரிசையிலேயே அடுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அந்த மேடு விமானத்தின் தடத்திலேயே வந்திருந்தது. அதைவிட மோசம் அதன் வடிவம். ஆழத்தில் கிடப்பது கோட்டில் அகலமாகத் தெரியும், மேலே வர வர ஒடுங்கும். முதல் நாள் தலையணை அகலம். இன்று காலை ஊசி முனை.

அவன் மறுபடி மேலே போயிருந்தான். ரேடியோவை எடுத்தாள்.

"இப்ப இறங்காதீங்க. தரைக்கு அடியில ஏதோ உங்க பின்னாடியே வருது."

கரகரப்புக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"பெட்ரோல் தீரப்போகுது. வானத்துலயே குடித்தனம் நடத்தச் சொல்றியா? வந்து பேசிக்கலாம்."

அவள் வேறு ஓடுதளம் தேடச் சொன்னாள், கெஞ்சினாள். அவன் சிரித்தபடி இணைப்பைத் துண்டித்தான்.

சக்கரங்கள் மண்ணைத் தொட்டன. புழுதி. இயந்திரம் நின்றது. அவள் வெளியே ஓடினாள்.

அவன் கையசைத்தபடி நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் ஓடுதளம் லேசாக உப்பியது. தணிந்தது. இன்னும் கிட்டே உப்பியது. சத்தமே இல்லை. ஓடி வரும்படி இரு கைகளையும் வீசிக் காட்டினாள்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி வெளிறிப்போயிருக்க?"

அவன் நின்றான். அதுவும் நின்றது.

பிறகு அவன் காலடி மண் மெதுவாக அவனைத் தூக்கியது. ஒரு சாண். ஒரு முழம். அவன் குனிந்து பார்த்தான். காலை எடுக்க முயன்றான். வரவில்லை.