கல் எண்ணிக்கை: பன்னிரண்டு

யாராவது வயலுக்குள் கால் வைத்தாலே கத்தி ஊரைக் கூட்டுகிற ஆட்காட்டிக் குருவிகள் அன்று வாயே திறக்கவில்லை. ஆய்வாளருக்கு அது என்னவோ போலிருந்தது. சரி, அவற்றுக்கும் அலுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கே அலுத்துத்தான் போயிருந்தது. அடுத்தவர் வயல்களில் நிற்கிற பழங்காலக் கற்கள் பத்திரமாக இருக்கின்றன, சுற்றியுள்ள புதரை யாரும் உழவில்லை, பறவைகள் முட்டையிடுகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. முட்டி வலி வந்த பிறகு நான்கு வருடமாக இந்தப் பக்கமே வரவில்லை. பழைய படிவத்தைப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலேயே ‘பன்னிரண்டு’ என்று எழுதி அனுப்பினாள். கல்லுக்கென்ன, கால் முளைத்து ஓடியா போய்விடும்?

இன்று பண்ணைக்காரன் போனில் அழுததால் வந்திருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆளுயரக் கற்கள் வட்டமாக நின்றன. அவற்றின் நிழல்கள் நீண்டு புதருக்குள் போய்த் தலை வைத்திருந்தன. ஈர மண்ணும் பாசியும் கலந்து வீசிய காற்றில், சம்பந்தமே இல்லாமல், துவைத்த சேலையின் சோப்பு வாசனை வந்தது.

“ஒரு கல்லை நான்தான் மேடம் புடுங்கினேன்,” என்றான் அவன். “டிராக்டர் திருப்ப இடம் பத்தல. நாலு வருஷமாச்சு. இப்ப பதினொண்ணுதான்.”

“ஏம்பா, நான் பன்னெண்டுன்னுல்ல எழுதிட்டிருக்கேன்?”

“அதான் மேடம் வினையே. நீங்க எழுதினத இந்த எடம் சரி பண்ணிக்குது.”

கல்லைப் பிடுங்கிய குழியில் அவன் மனைவி நின்றாள். முதல் வருடம் படிவம் போன அன்று ஒரு மணி நேரம் வந்து நின்றாளாம். மறு வருடம் ஒரு பகல். போன வருடம் மூன்று நாள். இப்போது ஒன்பது நாள். கணுக்கால் வரை மண். கன்னத்தில் பச்சைப் பாசி. கண்கள் மட்டும் அசைந்தன.

“கால் வலிக்குதுக்கா,” என்றாள்.

ஐயோ, என் சோம்பேறித்தனம் ஒரு பொம்பளையை இங்கே நட்டு வைத்துவிட்டதே என்று ஆய்வாளர் தன்னையே நொந்துகொண்டாள். வேலை போனால் போகட்டும். பையிலிருந்து இந்த வருடம் அனுப்பிய படிவத்தின் நகலை எடுத்தாள். பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள்.

மண்ணுக்கடியில் ஏதோ நீளமாக மூச்சிழுத்தது. வட்டத்திலேயே உயரமான கல், விழவில்லை, சாயவில்லை, விழுங்கிய சோற்றுருண்டை மாதிரி நேராகக் கீழே இறங்கியது. மேலே மண் மூடிக்கொண்டது.

அவளையும் சேர்த்து இப்போது பதினொன்று. அவன் மனைவி அங்கேயே நின்றாள்.

“பத்துன்னு போடுங்க மேடம்!”

“இருப்பா, யோசிக்க விடு.”

“என்னத்த யோசிக்கிறது? போடுங்க!”

போட்டாள். இன்னொரு கல் போனது. ஒன்பது. எட்டு. காலமெல்லாம் யாரையும் தொடவிடாமல் ஆய்வாளர் காத்த கற்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்று. அடியிலிருந்து பல்லிகளும் எலிகளும் வெளியே வந்து அவள் செருப்பின் மேல் ஏறி ஓடின. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு.

ஒன்று.

வயல் மொட்டையாகக் கிடந்தது. குழியில் அவன் மனைவி மட்டும்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு மேடம். சைபர் போடுங்க. வந்துடுவா.”

அவன் மனைவி கற்கள் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பள்ளம்கூட இல்லை.

“வேணாம்க்கா,” என்றாள். “எழுதாதீங்க.”

“அவ கெடக்கா, பயந்துட்டா. போடுங்க!”

“விடுப்பா கையை. எல்லாம் உள்ள போனதப் பாத்தேல்ல?”

அவன் விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்தினான். பேனா வளைந்தது. பாதி வட்டம்.

மண் அவன் மனைவியின் இடுப்பு வரை ஏறியிருந்தது.

அவன் காகிதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.