மாறினால் மட்டும் சொல்

காலையில் எழுந்ததும், காபிக்கும் முன்பு, எங்கள் மிதவைத் தெருவில் யார் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவேன். பெயரகத்தில் எவர் பெயரைக் கேட்டாலும் அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். எல்லோருக்கும் பொதுவான வசதி; எட்டிப் பார்ப்பதாகாது. எதிர்வரிசை சார்லஸ் வேலை விஷயமாகப் போவதாகச் சொன்ன அன்று அவர் பெயர் மச்சினி வீட்டில் நின்றது. நான் அதை ஊரெல்லாம் சொல்லவில்லை; நாலைந்து பேரிடம்தான் சொன்னேன்.

கடல் ஊருக்குள் வந்து வீடுகள் மிதக்கத் தொடங்கிய பிறகு வந்த ஏற்பாடு இது. வீடு நகர்ந்தால் முகவரி மாறும். புது முகவரியை வீட்டுக்குள் ஓடும் புதுப்பிநிரல் பெயரகத்துக்கு அனுப்பும். ஸ்கிரிப்ட் என்றால்தான் எங்கள் தெருவில் புரியும். அரிசிப் படகும் டாக்டர் படகும் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வரும். கையால் மாற்ற வழியில்லை. பெயர்த் திருட்டு மலிந்த காலத்தில் மனிதர் வாய்ச்சொல்லை நம்புவதை விட்டாயிற்று.

பக்கத்து மிதவை அன்சிலாவுக்கு நிறைமாதம். அவள் புருஷன் எட்வின் ஆழ்கடலில் கிடக்கும் பழைய கேபிள்களை இழுத்து எடுக்கிறவன். வீட்டு ஸ்கிரிப்டை அவனே எழுதினான். முகவரி மாறினால் மட்டும் அது சொல்லும். இல்லாவிட்டால் வாய் திறக்காது. அது ஓடுகிறதா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "எல்லாரும் உங்களை மாதிரி பேசிட்டே இருக்கணுமாக்கா?" என்றான். பயலுக்கு வாய் அதிகம்.

அன்று மதியம் அன்சிலாவுக்கு வலி வந்தது. டாக்டர் படகைக் கூப்பிட்டாள். திரையில் அது எங்கள் பக்கம் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி வழியில் திரும்பிக் கடலுக்குள் போனது.

அவள் பெயரைத் தேடினேன்.

"நீ நடுக்கடல்ல இருக்கியாம்டி" என்றேன்.

"இங்கதானக்கா கிடக்கேன்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவள், சட்டென்று என் கையைப் பிடித்தாள். "கல்யாணமான புதுசுல என்னையும் படகுல கூட்டிட்டுப் போவாரு. என் பேரும் கூட வரணும்னு படகுப் பெட்டியிலயும் என் ஸ்கிரிப்டப் போட்டாரு. அந்தப் பழைய பெட்டியத்தான் போன வாரம் கடலுக்குப் போறப்ப உபரியா எடுத்துட்டுப் போனாரு, இப்ப அத மாட்டியிருப்பாரு. என் ஸ்கிரிப்ட எடுக்க மறந்திருப்பாரு."

எட்வினிடம் சொல்ல வழியில்லை. அவ்வளவு தூரத்தில் பேச்சு எட்டாது. பதிவு மட்டும்தான் வரும். என் பெயரில் டாக்டரைக் கூப்பிட்டேன். அறுபது வயதில் பிரசவமா என்று பெயரகம் மறுத்துவிட்டது. படகிலிருந்த டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். "சுக்கான் என் கையில இல்லம்மா. பேர் எங்க போகுதோ அங்கதான் இது போகும்."

எதிர்மிதவை முபாரக் அண்ணன் வந்தார். "வீட்டு ஸ்கிரிப்ட் ஏன் சும்மா இருக்கு?"

"வீடு நகரலையே. நகராட்டா அதுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப நகர்த்துவோம்" என்றார்.

கட்டுக் கயிறுகளை அவிழ்த்து, அவர் மோட்டார்ப் படகால் வீட்டையே இழுத்தோம். முகவரி மாறியது, ஸ்கிரிப்ட் பேசியது, அன்சிலா பெயர் வீட்டுக்கு வந்தது. டாக்டர் படகு எங்கள் பக்கம் திரும்பியது. சற்று நேரத்தில் எட்வின் படகு நகர, பெயர் மறுபடி கடலுக்குப் போனது. படகும் கூடவே திரும்பியது. மறுபடி இழுத்தோம். தெருவே வந்து கயிற்றைப் பிடித்தது. சார்லஸ்கூட வந்தார், மச்சினியோடு. உள்ளே அன்சிலா அலறுவதை நிறுத்திவிட்டாள். அலறலை விட அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

கடல் பக்கத்து முகவரி வரவர வேகமாக மாறியது. நாங்கள் ஒருமுறை இழுப்பதற்குள் அங்கே மூன்று தடவை.

"என்ன இந்தக் குதி குதிக்குது?" என்றார் முபாரக் அண்ணன்.

"அவன் படகாச்சே, வேறெப்படி இருக்கும்" என்று நான் வைதேன்.

பிறகு கடல் பக்கத்துப் பதிவு அடங்கியது. பெயர் எங்களிடம் வந்தது, வந்தது வந்ததுதான். காத்திருந்தோம், போகவில்லை. தெரு முழுவதும் கைதட்டியது. டாக்டர் படகு நேராக வந்து சேர, பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, எட்வினின் காது.

"அவரே கண்டுபிடிச்சு நிறுத்திட்டாரு பாருங்கக்கா" என்றாள் அன்சிலா. முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

வழக்கம்போல என் விரல் எட்வின் பெயரைத் தேடியது. கடைசியாக மாறிய இடத்திலேயே நின்றது. அன்சிலாவின் பெயரை மட்டும் அவன் நிறுத்தியிருந்தால் அவன் பெயர் இன்னும் நகர வேண்டும். அந்த ஆழத்தில் நங்கூரம் எட்டாது. அலையில் மிதக்கிற படகு அசையாமல் நிற்காது.

முபாரக் அண்ணனுக்குத் திரையைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. நாங்கள் இழுத்த ஒவ்வொரு தடவையும் டாக்டர் படகு அவன் இருந்த திசையை விட்டுத் திரும்பியிருந்தது. தேடும் படகைக் கேட்டு அவர் ஓடினார். காணவில்லை என்று புகார் ஏற்க முடியாது என்றார்கள் பெயரகத்தில், பெயர்தான் இருக்கிறதே.

"அக்கா, அவர் பேரு எங்க நிக்குதுன்னு பாருங்களேன்" என்றாள் அன்சிலா, குழந்தையின் நெற்றியைத் துடைத்தபடி.

"அங்கயேதான் இருக்கு."

"இன்னும் கிளம்பலையா?"

திரையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மாறினா சொல்றேன்" என்றேன்.