நாற்பத்தோராம் பக்கம்

நாற்பத்தோராம் பக்கத்தில் கையெழுத்து மாறியிருந்தது.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பத்து நாளாக மல்லுக்கட்டி, கோழி கிளறியது போன்ற அந்த எழுத்துக்கு இப்போதுதான் கண் பழகியிருந்தது. நாட்குறிப்பை எழுதியவள் எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு குடும்பத்தலைவி. அந்தக் காலத்து அன்றாட வாழ்க்கை நூலகத்துக்கு வேண்டுமாம். என்ன பெரிய அன்றாடம்! துணி காயவில்லை. அடுப்பு புகைகிறது. மகளுக்கு இருமல், இரவெல்லாம் தூக்கமில்லை. இடுப்பு விட்டுப்போகிறது. தன் வீட்டையே யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போலிருந்தது அவளுக்கு. அவள் மகளுக்கும் இருமல்தான். கணவன் வெளியூரில். ஒரு வாய் தண்ணீர் எடுத்துத் தர ஆளில்லை.

குறிப்புகளில் ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ‘சாயங்காலம் பின்வாசலில் அதே குரல். நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது. நான் வாய் திறக்கவில்லை.’ நாற்பதாம் பக்கத்தில், ‘இன்று முடியவில்லை. ம் என்று சொல்லிவிட்டேன்.’

அதற்கப்புறம்தான் இந்த முத்து முத்தான எழுத்து. துணி காய்ந்தது. மகள் இருமவில்லை. ‘கட்டிலில் இன்னும் முனகல் கேட்கிறது. நாலு நாளில் நின்றுவிடும்.’ களைப்பு என்ற சொல்லே கடைசிப் பக்கம் வரை இல்லை.

“சார், இது வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு.”

“யார் எழுதினா என்னம்மா, உள்ளதை உள்ளபடி அடிங்க,” என்றார் பிரிவுத் தலைவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “தூங்கி எத்தனை நாளாச்சு? முதல்ல வீட்டுக்குப் போங்க.”

வெயில் இன்னும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை வாசலிலேயே கொடுத்தாள். “ஒரு வாய் சாப்பிடலை. அம்மா ஊட்டினாத்தானாம். நல்லா செல்லம் கொடுத்து வச்சிருக்கே, போ!”

கதவைத் தாழிட்டு, மகளைத் தரையில் பொம்மைகளோடு உட்காரவைத்துவிட்டு, அஞ்சே நிமிஷம் என்று கட்டிலில் சாய்ந்தாள். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்; குழாய் சொட்டியது; மகள் இருமினாள், மறுபடி இருமினாள்; எழுந்து அரிசி களையவேண்டும், ஊறவைத்த துணி நாறும் முன் அலசவேண்டும் என்று மனம் சொல்லச் சொல்லக் கண் தானாக மூடிக்கொண்டது. சமையலறையில் பாத்திரம் உருண்டது. ஈரச் சோப்பின் வாசனை. எவ்வளவு நல்ல சத்தம், யாரோ நமக்காகப் பாத்திரம் கழுவுவது.

“நீ படு. நான் பாத்துக்கறேன்.”

அக்காதான், பாவம், நல்ல மனசு.

“ம்,” என்றாள்.

குழாய் நின்றது. இருமலும் நின்றது.

கதவைத் தாழிட்டோமே.

எழப் பார்த்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வெளியே வந்தது வெறும் முனகல். ஐயோ, நாலு நாள்.

சமையலறையிலிருந்து ஒருத்தி வந்தாள். இவளுடைய புடவை. இவளுடைய நடை. இடுப்பு மட்டும் வலிக்காத நடை. கையில் தட்டு. மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, சோற்றை உருட்டினாள்.

வேண்டாம்டா. வாயைத் திறக்காதேடா. நான் இங்கே இருக்கேன்டா.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, கட்டில்ல யாரு?”

“யாருமில்லடா கண்ணு. ஆ காட்டு.”

மகள் கட்டிலை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.