சுவர் முடியும் இடம்

சமையலறையில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தபோது தரை பதில் சொன்னது. அந்தச் சிமெண்ட் தரையில் எதை வைத்தாலும் செத்த சத்தம்தான் வரும். இன்று அடியில் யாரோ காலிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு முழக்கம் எழுந்தது, குடத்துத் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கி அடங்கியது. வஹீதா குனிந்து முகர்ந்தாள். தரை வெடிப்பிலிருந்து அழுகின பாசி நாற்றம்.

அவள் புருஷன் மஹ்ரூஸ் கடப்பாரையோடு வந்து தட்டிப் பார்த்தான். படுக்கையறை கெட்டி. கூடம் கெட்டி. அடுப்படி மட்டும் வெறும் கூடு.

"சுவர் முனையைச் சுத்தி உள்ள புகுந்துட்டான்," என்றான். கடலை அவன் கடல் என்று சொன்னதே கிடையாது. சண்டைக்காரப் பங்காளியைச் சொல்வதுபோல எப்போதும் 'அவன்'தான்.

எகிப்தின் புருல்லுஸ் கரையில் நீளும் கடல்சுவரில் பாதி மஹ்ரூஸ் கைபட்டது. நாலு கால் கான்கிரீட் கட்டைகளைக் கிரேன் இறக்கும்போது தண்ணீருக்குள் நின்று கடப்பாரையால் தட்டித் தட்டி வழி காட்டுகிற வேலை. வலக்கைச் சுண்டுவிரலை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கொடுத்துவிட்டு வந்தவன். அந்தச் சுவர் அவன் வீட்டு மூலையோடு நின்றுபோனது. சுவர் முடிகிற இடத்தில்தான் கடலுக்கு வெறி அதிகம்; மற்ற இடத்தில் முட்டி ஏமாந்ததை எல்லாம் சேர்த்து முனையில் குடையும். பக்கத்து ஹம்தியாவின் வீடு போன குளிர்காலத்தில் அப்படித்தான் போயிற்று.

'துடைப்பம்' என்று இந்தக் கரையில் பேர் வாங்கிய நவம்பர்ப் புயல், பிற்பகலிலேயே வானத்தை இருட்டாக்கியிருந்தது. எதிர்வீட்டு ஃபத்ஹி கழுதை வண்டியில் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"ஊருக்கே சுவர் வெச்சவன் அடுப்படியில கடல் வந்து டீ கேக்குது! ஏறுங்கடா ரெண்டு பேரும்."

"நீ போ. விரலைத் தின்னான், பொறுத்துக்கிட்டேன். வீட்டைத் தின்ன விடமாட்டேன்," என்றான் மஹ்ரூஸ்.

"தங்கச்சி, நீயாவது சொல்லேன் இந்தக் கழுதைக்கு. என் கழுதையே பரவால்ல."

"வீட்டை விட்டுப் போன ஹம்தியாவுக்கு என்ன கெடச்சுது? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இன்னும் கூடாரத்துலதான் கெடக்குறா," என்றாள் வஹீதா. "எங்களுக்கு இதை விட்டா வேற ஒண்ணுமில்ல, அண்ணே."

வண்டிச் சத்தம் காற்றில் கரைந்தது.

தரையை ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு உடைத்தார்கள். கீழே குளிர்ந்த இருட்டு. எங்கோ தூரத்தில் தண்ணீர் சப்புக்கொட்டியது. மணல் மூட்டைகளை உள்ளே அடுக்கிப் பள்ளத்தை நிரப்புவது, மேலே கான்கிரீட் ஊற்றி மூடுவது என்று திட்டம். குழைத்த கான்கிரீட் தகரத் தொட்டியில் காத்திருந்தது. மஹ்ரூஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

"கிரேன்காரனுக்குத் தட்டுற மாதிரிதான். ஒரு தட்டுன்னா மூட்டையை விடு. மூணுன்னா இழு. பயப்படாத."

"நான் ஏன் பயப்படணும்? பொந்துக்குள்ள போற எலி நீதானே."

சிரித்துக்கொண்டே இறங்கினான். விளக்கு வெளிச்சம் ஒரு திருப்பம் வரை போய் மறைந்தது.

ஒரு தட்டு. மூட்டையை விட்டாள். ஒரு தட்டு. விட்டாள். மூட்டை விழும் சத்தம் முதலில் பக்கத்தில் கேட்டது, பிறகு தள்ளி, அப்புறம் கேட்கவே இல்லை. நிரம்ப வேண்டிய பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. மணல் மூட்டைகள் தீர்ந்தன. ஒரு தட்டு. மாவு மூட்டையைத் தள்ளினாள். ஒரு தட்டு. தலையணைகள், ரஜாய், கல்யாணத்துக்கு வந்த கம்பளம். ஒரு தட்டு.

"மஹ்ரூஸ், இனி ஒண்ணும் இல்ல! மேல வா!"

கயிற்றை இழுத்தாள். கனமே இல்லாமல் வந்தது. நுனியில் முடிச்சு அவிழ்ந்திருந்தது. அறுபடவில்லை. யாரோ அவிழ்த்திருந்தார்கள்.

வாசற்கதவு தட்டப்பட்டது.

"வஹீதா, திற. முனை வழியா வெளிய வந்துட்டேன்."

அவன் குரல். அவளுக்கு அழுகை பொங்கியது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அடுப்படித் தரைக்கு அடியில் மூன்று தட்டு.

கை நின்றது.

"மஹ்ரூஸ்?"

"இங்கதான் இருக்கேன், பெண்ணே. குளிருது." கதவுக்கு அந்தப் பக்கம்.

மூன்று தட்டு.

"கீழ யாரு தட்டுறது?"

"அவன்தான். கான்கிரீட்டை ஊத்து. அவனை மேல வர விடாத."

அந்தக் குரலில் மூச்சு வாங்கவில்லை. புயலுக்குள்ளிருந்து வந்தவனுக்கு மூச்சு வாங்கவில்லை.

வஹீதா அடுப்படிக்கு ஓடினாள். தரையில் குப்புறப் படுத்துத் தோள் வரை கையை உள்ளே விட்டாள். தண்ணீர் ஏறியிருந்தது. ஐஸ். துழாவினாள். மணல். கல். மணல்.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

விரல்களைத் தடவினாள். பெருவிரல். ஆள்காட்டி. நடு. மோதிரம். அதற்கப்பால் வழவழத்த பழைய தழும்பு.

"நீதான்! நீதான்! வா, மேல வா..."

இழுத்தாள். இழுக்க முடியவில்லை. கீழே அவன் காலை எதுவோ பிடித்திருந்தது.

பின்னால் வாசல் தாழ்ப்பாள் தானே விலகியது.

ஈரக் காலடிகள். கூடம். அடுப்படி. பாசி நாற்றம். அவள் திரும்பவில்லை. திரும்பினால் பிடி நழுவும்.

தகரத் தொட்டி இழுபடும் சத்தம்.

"வேண்டாம்! மஹ்ரூஸ் உள்ள இருக்கான்!"

கான்கிரீட் குளிர்ச்சியாக இறங்கியது. அவள் தோளைச் சுற்றி. முழங்கையைச் சுற்றி. கெட்டியாக. அவள் விடவில்லை. உள்ளே அந்தக் கையின் ஒரு விரல் அவள் உள்ளங்கையில் தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"இப்பதான் கெட்டியாச்சு," என்றது அவள் காதோரம் மஹ்ரூஸின் குரல். வார்த்தைகளோடு மணலும் அவள் கழுத்தில் கொட்டியது. ஒரு கை வந்து அவள் தோளை அன்பாகப் பற்றியது.

வலக்கை.

அதில் சுண்டுவிரலும் இருந்தது.