பதினோராவது சொல்

மாலை ஐந்தரைக்கெல்லாம் கடற்சுவரின் மூன்றாம் வாசலில் வரிசை கூடிவிடும். உப்பளத்திலிருந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொருவராகக் கூண்டுக்குள் ஏறி, திரையில் வரும் பத்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஸ்டேஷன், அம்பரெல்லா, எக்ஸ்ட்ரா என்று தினமும் அதே பத்து. கொட்டாவியோடு சொல்கிறவர்கள் உண்டு. வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு.

முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துகொள்ளலாம் என்று ஆகிப்போன பிறகு வந்த ஏற்பாடு இது. ஆங்கிலச் சொல் அசை அசையாக உடையும். எந்த இடத்தில் உடையும் என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. 'எக்ஸ்ட்ரா'வை ஒருவர் எக்ஸ்-ட்ரா என்பார், இன்னொருவர் எக்-ஸ்ட்ரா என்பார். தாய்மொழியும் வாத்தியாரும் சேர்ந்து போட்ட தடம்; பன்னிரண்டு வயதுக்கு மேல் லேசில் மாறாது. அந்த உடைப்பை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளப்பது அசைமானி. அது வரைகிற கோடு அசைரேகை. ரேகை பொருந்தினால் கதவு திறக்கும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரேகைகளைச் சரிபார்க்கிற செவிக்காவலர் பிரகாசிக்கு நாற்பது நாளாக ஓர் ஆள்மேல் கண். ஞானதிரவியம் என்று பெயர். உப்பு அள்ளும் எந்திரம் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய ரேகை ஒருநாளும் பிசகியதில்லை. அதுதான் உறுத்தியது.

"பொருந்துனா நல்லதுதானளா?" என்றாள் பக்கத்து இருக்கையிலிருந்த சபுரா.

"இம்புட்டுப் பொருந்தக் கூடாதுக்கா. சளி புடிச்சா மாறணும், பசிச்சா மாறணும். போன வாரம் மழையில நனைஞ்சு தும்மிக்கிட்டே வந்தாரு. ஆனா அந்தப் பத்தையும் அச்சுல வார்த்த மாதிரி சொல்லிட்டுப் போறாரு. வேற ஒரு வார்த்த அவரு வாயில இருந்து நான் கேட்டதில்ல. எல்லாத்துக்கும் தலையாட்டல்தான்."

"தொண்டைச்சில்லுங்கியா?"

போன மாதம் இரண்டாம் வாசல் வழியாக ஒருவன் தொண்டைக்குள் சில்லு வைத்துக்கொண்டு, செத்துப்போன ஒருவரின் ரேகையோடு நுழைந்துவிட்டான். அவனை உள்ளே விட்ட செவிக்காவலரைக் குடும்பத்தோடு, இனித் திரும்பவே முடியாதபடி, சுவருக்கு வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பிரகாசிக்கு ராத்தூக்கம் ஏது?

சந்தேகம் வந்தால் பதினோராவது சொல் கேட்கலாம் என்பது விதி. சில்லுக்குப் பத்துதான் தெரியும், பதினோராவதில் ஊமையாகிவிடும்.

அன்று ஞானதிரவியம் பத்தையும் வழக்கம்போல் முடித்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு சொல்லு கூட," என்றாள் பிரகாசி ஒலிவாங்கியில்.

திரையில் 'கேலண்டர்' என்று வந்தது. அவர் முகம் வெளுத்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சில்லுதான், சிக்கிவிட்டது என்று பிரகாசி வெளியேற்றும் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள்.

"கே... கே... கே..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் இறுக மூடியது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. எந்தச் சில்லுக்கு இப்படிப் பாடுபடத் தெரியும்? நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"தி... திக்கும்மா எனக்கு," என்றார். "சொன்னா ரே... ரேகை பதியமாட்டாவ. ரெண்டு வருசம் தொ... தொடையில தாளம் போட்டு... ப... பத்து மட்டும் படிச்சேன். மவளுக்கு இன்னைக்கோ நா... நாளைக்கோ பே... பேறுகாலம். உள்ள அவ த... தனியாக் கெடக்கா."

"பயப்படாதிய அண்ணாச்சி. அந்தப் பத்தையே இன்னொரு தரம் சொல்லுங்க, தொறந்துரும்."

அவர் தொடையில் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார். தாளம் கைவிட்டுப் போயிருந்தது. 'ஸ்டேஷன்' ஏழு துண்டாக உடைந்தது. அசைமானி ஏழையும் நிதானமாக எண்ணியது. அந்தக் கூண்டில் முதல்முறையாகத் தன் சொந்த நாக்கால் பேசிய மனிதரைப் பார்த்து, 'இவர் ஞானதிரவியம் அல்ல' என்று சிவப்பில் எழுதியது.

கீழே இரண்டு பொத்தான்கள் ஒளிர்ந்தன. ஒன்று, 'எந்திரக் குரல்'. மற்றது, 'வேற்றாள்'. எதை அழுத்தினாலும் பின்கதவுதான் திறக்கும், சுவருக்கு வெளியே. மூன்றாவது பொத்தான் ஒன்று வேண்டியிருக்கும் என்று இதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. நாற்பது நாளாகச் சந்தேகப்பட்ட அவளுக்கும் தோன்றவில்லை.

ஒன்றை அழுத்தாதவரை வாசல் யாருக்கும் திறக்காது. வரிசையில் கூச்சல் கிளம்பியது. யாரோ கூண்டை உதைத்தார்கள்.

"ஏளா, எதையாச்சும் அமுக்கு!" சபுரா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மேல இருந்து கூப்புடுதாவ. ஒன் பிள்ளைகள நெனச்சுப் பாரு!"

பிரகாசி நினைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒலிவாங்கிக்குக் குனிந்தாள்.

"மக பேரு என்ன அண்ணாச்சி? ஆளனுப்பிப் பாக்கச் சொல்லுதேன். மெதுவாச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்து வரவே வெகுநேரம் பிடித்தது. கூச்சலுக்கும் அழைப்புமணிக்கும் நடுவில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.