மூச்சு முட்டிய கல்

"நான் உள்ளே போய்ப் பார்த்தாத்தான்..."

"போகாதேன்னா போகாதே!"

"அக்கா, முழுசா கேளு..."

"என்னத்தைக் கேக்க? உன் மாமாவும் 'பார்த்துட்டு வந்துடறேன்'னுதான் போனார். வந்தாரா?"

தம்பி கையிலிருந்த கல்லை உடைத்து அக்காவிடம் காட்டினான். அவன் இன்று கவனிக்கும் சிமெண்ட் சூளையைப் போன வருஷம் வரை கவனித்தவர் அந்த மாமா, அவள் கணவர். அணைத்திருந்த சூளையின் உள்சுவர்ச் செங்கல்லைப் பார்க்க இறங்கியவர், தேங்கிய புகையில் மூச்சு முட்டி அங்கேயே இறந்தார்.

அவள் வேலை பார்க்கும் ஆலை லேபின் மேசையில், சூளையில் வெந்து வந்த கல் உருண்டைகளான கிளிங்கர் கிடந்தது. நல்ல கிளிங்கர் உள்ளும் புறமும் கருஞ்சாம்பல். இவற்றை உடைத்தால் நடுவில் பழுப்பு. நெருப்புக்குக் காற்று போதாவிட்டால் கல் இப்படித்தான் வேகும். அதை அரைத்த சிமெண்டுக்குப் பலம் இருக்காது.

"நிலக்கரியை மாவா அரைச்சாச்சு. விசிறி முழு வேகத்துல ஓடுது. மீட்டர்லயும் காத்து தாராளம். அப்புறம் எங்கேதான் போகுது? அடுத்த கல்லும் பழுப்புன்னா சூளையை நிறுத்திட்டு உள்ளே இறங்கிடுவேன். மேனேஜர் உத்தரவு."

"அவரையே இறங்கச் சொல்லு."

"அந்தத் தொப்பை வாசல்லயே சிக்கிக்கும்க்கா."

சிரித்தபடி அடுத்த கல்லை எடுத்து வரப் போனான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்த உருண்டையைச் சுத்தியலால் தட்டினாள்.

ஹ்ஹா.

கல்லுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு. வெதுவெதுப்பாக அவள் மணிக்கட்டில் பட்டது.

கிராம்பு மணத்தது.

அவர் வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு கிடக்கும்.

கால்கள் தாமாகச் சூளைக்கு நடந்தன. நெருப்பைப் பார்க்கும் துளையில் நீலக் கண்ணாடி. அதற்கப்பால் இரும்பையும் உருக்கும் தீ.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

உள்பக்கம்.

"என்னங்க," என்றாள், உதடு மட்டும் அசைய. "காத்துதானே வேணும் உங்களுக்கு? எங்கேயிருந்து வேணும்னாலும் எடுத்துக்கோங்க. கல்லை விட்டுடுங்க. அவன் உள்ளே வர வேண்டாம்."

ஆவி மெல்ல விலகியது.

லேபுக்குத் திரும்பியபோது தம்பி புதுக் கல்லோடு காத்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கித் தட்டினாள்.

உள்ளும் புறமும் கருஞ்சாம்பல். ஒரு பொட்டுப் பழுப்பில்லை.

"பார்த்தியாடா! இறங்க வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்!" ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். பிறகு அடுத்ததை. சன்னலருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே மரங்கள் காற்றில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன.

அறையெங்கும் கிராம்பு மணத்தது.

"அக்கா... சன்னல் திறந்துதானே இருக்கு? எனக்கு ஏன் மூச்சு முட்டுது?"